பர்மா காலனியில் பாய் இல்லாத பதினெட்டு நாள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜா என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான், ஆனால் எங்கள் கரைமேட்டில் ராஜா கிடையாது, பர்மா காலனி குடியிருப்போர் நலச் சங்கம்தான் உண்டு. அதற்கு இரும்புக்கடை ராக்கப்பன் தலைவர், கோர்ட்டில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயரான கோதண்டமாகிய நான் செயலாளர், மற்றவர்களெல்லாம் உறுப்பினர்கள், உறுப்பினர் என்றால் கூட்டத்துக்கு வந்து வடை தின்றுவிட்டுக் கையைத் தூக்குகிறவர் என்று அர்த்தம். காலனிக்குப் பேர் எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கட்டின துணியோடு கிளப்பிவிடப்பட்டு, கப்பலேறி வந்து சேர்ந்த தமிழர்களுக்கு சர்க்கார் கட்டிக் கொடுத்த இருநூற்றுப் பத்து வீடு. நான் வந்தபோது நாலு வயசு, அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்தேன். இன்றைக்கும் சாயந்தரமானால் எங்கள் தெருமுனையில் அத்தோவும் மொய்ங்காவும் விற்கிற தள்ளுவண்டியில் கூட்டம் நெரியும், பர்மா சாப்பாடு இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நாக்கு செத்துப்போகும்.

காலனிக்குத் தெற்கே, உப்பளத்துக்குப் போகிற வழியில், கூரை பாதி பறந்துபோன ஒரு பழைய உப்புக் கிட்டங்கி. போன வருஷம் ஆனி மாசம் அதில் நாலு குடும்பம், எண்ணிப் பத்தொன்பது தலை, வந்து இறங்கியது. எங்கிருந்து என்று விசாரித்தால் அதே பர்மாவிலிருந்துதான். ஊரைக் கொளுத்திவிட்டார்களாம், ஆற்றைத் தாண்டி, காட்டைத் தாண்டி, ரயிலேறி, போன இடத்திலெல்லாம் விரட்டுப்பட்டு இங்கே வந்தார்களாம். ரோஹிங்யா என்று சொன்னார்கள். எங்கள் ஆட்களோ, 'ரோகிணியா? நட்சத்திரத்தை யாரப்பா கேட்டது, ஊரைச் சொல்லு' என்று மடக்கினார்கள். ஊர் அரக்கான். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் அதை அச்சில் போடும்போது ஒரு துணைக்காலை விட்டுவிட்டு 'அரக்கன் பகுதியிலிருந்து பத்தொன்பது பேர் ஊடுருவல்' என்று போட்டுத் தொலைத்தான், அன்று சாயந்தரமே நாலு வீட்டில் பிள்ளைகளுக்குச் சுற்றிப் போட்டார்கள்.

அதற்கு மேல், வந்தவர்களெல்லாம் முஸ்லிம்கள் என்று தெரிந்ததும் காலனி கூடிக் கூடிப் பேச ஆரம்பித்தது. பத்தொன்பது பேர் பத்தொன்பதாயிரம் ஆகிவிடுவார்கள் என்றார் ஒருவர், அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தண்ணீர்த் தொட்டியில் எதையோ கலப்பார்கள் என்றார் இன்னொருவர், அந்தத் தொட்டியில் தண்ணீர் வந்து எட்டு மாசமாகிறது. நம் பிள்ளைகளின் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று ராக்கப்பன் மேடையிலேயே பேசினார். வந்தவர்களில் மொனாஃப் என்கிறவன் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் பழைய பால் கவரும் தேங்காய்ச் சிரட்டையும் பொறுக்குகிறான், என்னமோ நம் வீட்டு எஞ்சினியர் பிள்ளைகளெல்லாம் அந்த வண்டிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த மாதிரி. நான் அதையும் தட்டுப்பிழையில்லாமல் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றினேன், எனக்கு என்ன வந்தது.

இந்த இடத்தில் தவமணியைச் சொல்லியாக வேண்டும். காலனி ஸ்கூலில் பிள்ளைகள் அழுதால், அடித்துக்கொண்டால், பரீட்சைக்குப் பயந்து வாந்தி எடுத்தால் உட்காரவைத்துப் பேசுகிற உத்தியோகம் அந்தம்மாவுக்கு. அறை வாசலில் 'எஸ். தவமணி, கவுன்சிலர்' என்று ஒரு போர்டு, ஊருக்கு வேறென்ன வேண்டும். நிஜமான வார்டு கவுன்சிலர் ஜெயித்த அன்றைக்கு மாலையோடு போனவர் போனவர்தான், பேனரில் மட்டும் கும்பிட்டபடி சிரிப்பார். இந்தம்மாவோ காலை பத்து மணிக்கு டாணென்று நாற்காலியில் இருக்கிறார். ஆகவே சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று ஊரே மனுவும் கையுமாக அங்கே போய் நின்றது. நான் அந்தக் கவுன்சிலர் இல்லைங்க என்று முதல் மாசம் சொல்லிப் பார்த்தாராம். எல்லாக் கவுன்சிலரும் அப்படித்தாம்மா சொல்றாங்க என்று பதில் வந்ததாம். அப்புறம் விட்டுவிட்டார், வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தார். சாக்கடையில் ஆரம்பித்த பேச்சு மாமியாரில் போய் முடியும், மனுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார், சாக்கடை அடைத்தபடியே கிடக்கும், ஆனால் அதைப் பற்றி அவருக்கு முன்போல அவ்வளவு கோபம் இருக்காது.

கிட்டங்கி விஷயத்திலும் அந்தம்மாவுக்கு ஒரு முறை இருந்தது. வாதாட மாட்டார், உபதேசம் கிடையவே கிடையாது, மூன்று கேள்விதான். யார் சொன்னாங்க? நீங்க பாத்தீங்களா? பாத்தது என்ன? முதல் கேள்விக்கு வாட்ஸ்அப் என்று பதில் வரும், இரண்டாவதற்கு இருமல் வரும், மூன்றாவது கேள்விக்கு அநேகமாக ஒருவரும் இருந்ததில்லை. அப்படியும் இருந்தவர்களைக் கையோடு கிட்டங்கிக்கே கூட்டிப் போவார், போய்ப் பார்த்தால் அங்கே மொனாஃபின் பெண்டாட்டி செனுவாரா சிமெண்ட் சாக்கை விரித்து அதன்மேல் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்தவர் இரண்டு நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் இருப்பார், மூன்றாம் நாள் சங்கத்துக் கூட்டத்தில் வடையைத் தின்றுவிட்டுக் கையைத் தூக்குவார். தவமணி மலைத்துப்போய் விடவில்லை, அடுத்த ஆளைக் கூட்டிப் போனார். மொனாஃபின் மகள் மினாராவை நாலாம் வகுப்பில் சேர்க்க வைத்ததும் அவர்தான்; அதற்குப் பெற்றோர்கள் செய்த ரகளையில் அவர் முகத்துக்கு நேராகவே 'பாய் வீட்டுக் கவுன்சிலர்' என்று பட்டம் கட்டினோம். நாங்கள் என்று நான் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விஷயம் சப் கலெக்டர் வரைக்கும் போனது. பதினோரு நாள் அந்த ஆபீஸ் பெஞ்சில் தவமணி உட்கார்ந்து தேய்த்த தேய்ப்பில், ஒரு செவ்வாய்க்கிழமை தானே காலனிக்கு வந்து விசாரிப்பதாக அந்த அதிகாரி ஒத்துக்கொண்டார். காலனிக்கு ஆட்சேபம் இல்லையென்றால் பத்தொன்பது பேரும் கிட்டங்கியிலேயே இருக்கலாம், கூரையைச் சரிசெய்து கொடுப்பார்கள். ஆட்சேபம் என்றால் மூன்று மாவட்டம் தள்ளி ஏதோ முகாமாம், அங்கே ஆம்பளைகள் ஒரு கட்டடம், பெண்டு பிள்ளைகள் வேறொரு ஊரில் வேறொரு கட்டடம். மொனாஃப் ஒரு பக்கம், செனுவாராவும் மினாராவும் ஒரு பக்கம். திரும்ப எப்போது சேர்ப்பார்கள் என்று தவமணி கேட்டதற்கு, அதற்கு இந்த ஆபீசில் ஃபைல் கிடையாது என்றார்களாம்.

செவ்வாய்க்கிழமைக்குப் பதினாறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், சங்கம் கூடியது. ஆட்சேபத் தீர்மானம் எழுதுகிற பொறுப்பு என்னுடையது. முஸ்லிம்கள் என்று எழுதினால் கேஸாகிவிடும் என்றேன், முப்பது வருஷக் கோர்ட்டு அனுபவம் சும்மாவா. துலுக்கர் என்று எழுதலாமென்றார் ஒருவர், அது மரியாதைக்குறைவு என்று எல்லாரும் முகம் சுளித்தோம், விரட்டுவதென்றாலும் மரியாதையாக விரட்ட வேண்டுமல்லவா, நாங்கள் என்ன நாகரிகம் இல்லாதவர்களா. கடைசியில் நான்தான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். வாயாரக் கூப்பிடுகிற சொல், அன்பான சொல், எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சொல். 'பர்மா காலனி எல்லைக்குள் இனிமேல் பாய் எதுவும், எந்த வடிவிலும், இருக்கக் கூடாது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.' 'யாரும்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'எதுவும்' என்று அடித்தது கைப்பிசகு. வாசித்தேன், கைதட்டினார்கள், கையெழுத்தானது.

மறுநாள் காலையில், காலனி ஜனங்கள் எழுந்து பல் தேய்க்கப் போன நேரத்தில், பாய்களெல்லாம் தம்மைத் தாமே சுருட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறின.

கோரைப்பாய், பனையோலைப்பாய், ஈச்சம்பாய், நைலான் பாய், நான் வழக்கமாய்ப் படுக்கிற ஓரம் பிய்ந்த பாய், எல்லாம். அவசரம் ஒன்றும் காட்டவில்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களைச் சுற்றிக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் உருண்டு, தெருவில் வரிசையாகச் சேர்ந்து, தெற்கே கிட்டங்கியைப் பார்த்துப் போயின. வடாம் காயப்போட்டிருந்த மொட்டைமாடிப் பாய்கள் மட்டும் வடாத்தை உதறிவிட்டுப் படியிறங்கி வந்ததால் கொஞ்சம் பிந்தின. டீக்கடை பாய்லர் ஒரு தடவை குலுங்கியது, பிறகு தன் பேரை யோசித்துப் பார்த்துத் தனக்குச் சம்பந்தமில்லை என்று அடங்கிவிட்டது. கடைசி வீட்டு ஐ.டி. கம்பெனிப் பையனின் யோகா மேட் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, அதைப் பாய் என்று பிறந்ததிலிருந்து யாரும் கூப்பிட்டதில்லை.

ஊர் முதலில் என்ன நினைத்தது என்று கேட்டால், ஒன்றும் நினைக்கவில்லை. கரண்ட் போனால் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்போமே, அங்கேயும் போயிருந்தால் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதியோடு அவரவர் வேலைக்குப் போனார்கள். இரண்டாம் நாள்தான் இடுப்பு பேச ஆரம்பித்தது. பக்கத்து ஊர்க் கடையில் புதுப்பாய் வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார்கள், காலனி வளைவைத் தாண்டியதும் அது கயிற்றிலிருந்து நழுவி இறங்கி தெற்கே போய்விட்டது. தலைவர் ஒரு சுற்றறிக்கை விட்டார், இன்றிலிருந்து அதை யாரும் அந்தப் பேரால் அழைக்க வேண்டாம், 'கோரை விரிப்பு' என்று அழைக்கவும் என்று. இரண்டு நாள் எல்லாரும் கோரை விரிப்பு, கோரை விரிப்பு என்று ஜபம் பண்ணியதில் ஒரே ஒரு பாய் மட்டும் வாசல் வரைக்கும் திரும்பி வந்தது, வந்த நேரத்தில் அந்த வீட்டுக் கிழவர் 'அடே, பாய் வந்துருச்சு' என்று சந்தோஷத்தில் சொல்லிவிட்டார். அவருக்கு அந்த வாரம் முழுக்க வீட்டில் மோர் கிடையாது.

அப்புறம் ஜனங்கள் பேனருக்கு மாறினார்கள். மூலைக்கு மூலை கட்டியிருந்த பிளெக்ஸ் பேனர்களை அவிழ்த்து வந்து விரித்துப் படுத்தார்கள், வழவழப்பு, துடைப்பதும் சுலபம். காலனியில் பாதிப்பேர் வார்டு கவுன்சிலரின் பிறந்தநாள் சிரிப்பின்மேல்தான் தூங்கினோம், தேர்தலுக்குப் பிறகு அவர் எங்களுக்குப் பயன்பட்டது அப்போதுதான். கைக்குழந்தைகள் மட்டும் பேனரில் ஒட்டிக்கொண்டு கத்தின. ஏழாம் நாள் மூன்றாவது தெருவில் வேலாயுதம் இறந்துபோனார், நல்ல மனுஷன், நல்ல சாவு, ஆனால் கிடத்துவதற்குப் பாய் இல்லை. காதணி விழா பேனர் ஒன்றில் கிடத்தினோம், 'வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்' என்ற எழுத்து அவர் காலடியில் வந்தது. அவர் பெண்டாட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்த மாலை ஒன்றை நகர்த்தி நாங்கள் அந்த எழுத்தை மறைத்தோம்.

கிட்டங்கியில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அறுநூறு சொச்சம் பாய் போய் இறங்கியிருக்கிறது, அந்தப் பத்தொன்பது பேரும் ஒன்றிலும் படுக்கவில்லை. சிமெண்ட் சாக்கிலேயே படுத்துக்கொண்டு, பாய்களைத் தூசி தட்டிச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தி வைத்தார்கள். மொனாஃப் தினம் காலையில் பத்துப் பதினைந்தை வண்டியில் ஏற்றிவந்து எந்தெந்தப் பாய் எந்தெந்த வீட்டுடையது என்று பார்த்து வாசலில் வைப்பான். ஒன்றுகூடத் தவறியதில்லை. ஒரு வருஷமாக எங்கள் வீட்டுக் குப்பையை எடுத்தவனுக்கு எங்கள் கொடியில் காய்ந்தது எது, சுவரில் சாய்ந்தது எது என்று தெரியாதா. சங்கத்துச் செயலாளராகப் பன்னிரண்டு வருஷம் இருந்த எனக்குத்தான் அடுத்த வீட்டுப் பாய் என்ன நிறம் என்று தெரியாது. அவன் வைத்துவிட்டுப் போவான், மதியத்துக்குள் பாய் எழுந்து அவன் பின்னாலேயே போய்விடும். இதைப் பார்த்த ராக்கப்பன், பாயைத் திருடுகிறார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். 'காலனியின் பாய்கள் அனைத்தும் பாய்களிடம் உள்ளன' என்பதை இன்ஸ்பெக்டர் மூன்று தடவை படித்துவிட்டு, இதில் யார் யாரைத் திருடினார்கள் என்று கேட்டார். ராக்கப்பன் அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பத்தாம் நாள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, தீர்மானத்தைத் திருத்தி அடி என்றார். திருத்தினேன். 'பாய் (விரிக்கும் பாய் நீங்கலாக)' என்று அடைப்புக்குறி போட்டேன், கோர்ட்டில் அடைப்புக்குறிக்கு இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியும். கையெழுத்தாயிற்று, காத்திருந்தோம், ஒரு பாயும் அசையவில்லை. அசைந்தது தலைவரின் சம்சாரம் ருக்மணிபாய். நாற்பத்திரண்டு வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணினவர், அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, இரண்டு சேலையைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். எங்கே போறே என்று ராக்கப்பன் பதறிக்கொண்டு பின்னால் வந்தார்.

"எம் பேரு ருக்மணிபாய். விரிக்கிற பாய்க்குத்தான நீங்கலாகன்னு போட்டிருக்கீங்க, என்னைய யாரும் விரிக்கிறதில்லையே," என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

இது பாய்கள் போனதோடு சேர்ந்ததா, இல்லை அந்தம்மா நாற்பத்திரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த சாக்கா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கிட்டங்கியில் செனுவாராவோடு உட்கார்ந்து கீரை ஆய்வதாகவும், பாஷை தெரியாமலேயே இரண்டு பேரும் புருஷன்மாரைப் பற்றிப் பேசிச் சிரிப்பதாகவும் சேதி வந்தது. ராக்கப்பன் ஹோட்டலில் சாப்பிட ஆரம்பித்தார். தவமணியிடம் போய், கவுன்சிலர் என்ற முறையில் இதில் தலையிடும்படி மனுக் கொடுத்தார். அந்தம்மா வழக்கம்போல, யார் சொன்னாங்க என்று ஆரம்பிக்கப் போனவர், அன்றைக்கு மட்டும் பொறுமை விட்டுப்போய், "பத்தொம்போது பேரோட குடும்பத்தைப் பிரிக்க எழுதிக் குடுத்த கையாலதான் உங்க குடும்பம் பிரிஞ்சிருச்சுன்னு மனு எழுதியிருக்கீங்க. கையெழுத்துகூட மாறலையே சார்," என்று சொல்லிவிட்டாராம். பிறகு தான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அவர் வருத்தப்பட்டதாகக் கேள்வி. ராக்கப்பன் அதற்கு வருத்தப்பட்டதாகக் கேள்வி இல்லை.

பதினைந்தாம் நாள் அவர் என் வீட்டுக்கு வந்து, அந்தப் பாழாய்ப்போன சொல்லே வேண்டாம், எடுத்துவிடு, அவர்கள் யார் என்று நேராகவே எழுது என்றார். மதத்தை எழுதினால் கேஸ், சாதி அவர்களுக்கு இல்லை, அப்புறம் மிச்சம் இருப்பது என்ன? நான் இரண்டு வரியில் அடித்தேன். 'பர்மாவிலிருந்து வந்த அகதிகள் எவரும், அவர்தம் பிள்ளைகள் உட்பட, காலனி எல்லைக்குள் வசிக்கக் கூடாது.' படித்துப் பார்த்தோம். தெளிவான வாசகம், அடைப்புக்குறிகூட வேண்டியிருக்கவில்லை. தலைவர் என் முதுகில் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை சமுதாயக்கூடத்தில் கூட்டம் பிதுங்கியது. சப் கலெக்டர் சின்ன வயசுப் பெண், முகத்தில் ஒன்றையும் காட்டாமல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு ஓரத்தில் மொனாஃபும் செனுவாராவும் மினாராவும் நின்றார்கள், மினாரா ஸ்கூல் யூனிபாரத்தில் வந்திருந்தாள், வேறு நல்ல துணி கிடையாது. மொனாஃப் மகளின் கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தான். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், காலனிக்காரர்கள் கையெழுத்துப் போட்டதும் நான் உத்தரவு எழுதிவிடுகிறேன் என்று சப் கலெக்டர் சொன்னார். நான் காகிதத்தை எடுத்து நீட்டப் போனேன். தவமணி குறுக்கே வந்து, ஒரு தடவை பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டு வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார், ஒரு பிழைகூட இல்ல," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "கையெழுத்துப் போடுங்க. நீங்க எழுதுறதெல்லாம் அப்படியே நடக்குது, அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டுப் போடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். காகிதத்தைத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் பேனாவைத் திறந்து, வாசகத்தை மறுபடி படித்து, பேனாவை மூடி, முதலில் உறுப்பினர்கள் போடட்டும் என்று பக்கத்தில் கொடுத்தார். பக்கத்திலிருந்தவர் கண்ணாடியைப் போட்டுப் படித்து, கண்ணாடியைக் கழற்றி, அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டு அடுத்தவரிடம், அடுத்தவர் அவருக்கு அடுத்தவரிடம், காகிதம் வரிசை வரிசையாகக் கூடம் முழுக்கச் சுற்றியது, சூட்டோடு இறக்கின சட்டியைக் கை மாற்றுகிற மாதிரி மாற்றினார்கள். வீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் 'பர்மா அகதிகள் மறுவாழ்வுத் திட்டம்' என்று போட்டிருப்பது அறுபது வருஷத்தில் முதல் தடவையாக இருநூற்றுப் பத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. நான் இங்கேதான் பிறந்தேன் என்று ஒரு இளவட்டம் முணுமுணுத்தது, அதன் அப்பா காகிதத்தைக் காட்டி, அவர்தம் பிள்ளைகள் உட்பட என்று இருக்கிறதே, மூடிக்கொண்டு உட்கார் என்றார். அந்த மூன்று சொல்லைச் சேர்த்த கெட்டிக்காரன் நான்தான்.

காகிதம் ஒரு கையெழுத்தும் இல்லாமல் என்னிடமே வந்து சேர்ந்தது. நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கூடத்துக்குள் வந்திருந்தேன், வலது கால் வாசல் பக்கமாகத் திரும்பியிருந்தது, நானாகத் திருப்பினேனா என்று தெரியவில்லை. அப்போது பயந்தேன். கப்பலிலிருந்து இறங்கின அன்றைக்கு, 'பர்மாக்காரனுங்க வந்துட்டானுங்க, இனிமே நமக்கு அரிசி கிடைச்ச மாதிரிதான்' என்று துறைமுகத்தில் எவனோ சொன்னதை அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், எத்தனையோ தடவை கேட்டு எனக்கு அலுத்துப்போன பேச்சு, அன்றைக்கு அந்தக் கூடத்தில் அது முதல் தடவையாக எனக்கு வலித்தது.

"காலனிக்கு ஆட்சேபம் உண்டா, இல்லையா?" என்று சப் கலெக்டர் கேட்டார்.

"இல்லைங்கம்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன். "ஆட்சேபம் எதுவும் இல்லை. முன்னாடி எழுதினதும் தப்பு. எழுதினது நான்."

மனம் மாறிவிட்டோம், அன்பு பெருகிவிட்டது என்றெல்லாம் யாராவது இந்தக் கதையைத் திருப்பிச் சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டைக் காலி பண்ண ஒருவருக்கும் மனசில்லை, அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. ஆனால் சப் கலெக்டருக்கு எங்கள் மனசைப் பற்றி என்ன, அவர் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், அது சட்டமாகிவிட்டது. செனுவாராவுக்குத் தமிழ் அரைகுறை, என்ன முடிவு என்று புரியாமல் தவமணியின் முகத்தைப் பார்த்தாள். தவமணி அழுதுகொண்டிருந்தார், அதைப் பார்த்து அவள் மினாராவை இழுத்து அணைத்துக்கொண்டாள், பிறகு அவர்களோடு வந்திருந்த ருக்மணிபாய்தான் கையை ஆட்டிக் காட்டி விளக்கினார்.

நாங்களெல்லாம் தீர்மானத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாய் வந்திருக்கும் என்று வீட்டுக்கு ஓடினோம். வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. ரத்து செய்தாயிற்றே, இன்னும் என்ன என்று ஊர் கொதித்தது, பாய்களுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்றார் ராக்கப்பன். வழக்கம்போல மனுவோடு தவமணியிடம் போனோம். அந்தம்மா அன்று வெகுநேரம் சிரித்தார். "போங்கன்னு சொன்னது நீங்க. வாங்கன்னு சொல்லவும் நீங்கதான் போகணும்," என்றார்.

முதலில் யார் போவது என்று ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை காலையில், பதினெட்டாம் நாள், நான் போனேன், பெரிய மனசு ஒன்றும் இல்லை, பேனரில் படுத்துப் படுத்து எனக்கு இடுப்பு போய்விட்டது. கிட்டங்கி வாசலில் போய் நின்றபிறகுதான் ஒன்று உறைத்தது, அந்த மனுஷனை எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாக யோவ் என்றும் ஏய் என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாய், என்றேன். உள்ளே இருந்த நாலு ஆம்பளைகளும், சுவரில் சாய்ந்திருந்த அறுநூறு பாயும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின.

என்ன சொல்லிக் கேட்பது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த வாசகமெல்லாம் போய்விட்டது, மன்னிச்சிருங்க என்றுகூட வாயில் வரவில்லை. மொனாஃப் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். செனுவாரா சுவரோரமாகப் போய், ஒன்றையும் புரட்டிப் பார்க்காமல், நேராக என் ஓரம் பிய்ந்த பாயை எடுத்துவந்து எனக்கு முன்னால் உதறி விரித்தாள். பிய்ந்த ஓரத்தை நீலத் துணி வைத்துத் தைத்திருந்தாள். அது மறுப்புச் சொல்லாமல் தரையில் படிந்தது.

"உக்காருங்க," என்றாள்.

எங்கள் காலனியில் அவள் காதில் விழுந்த தமிழ் எல்லாம் எனக்குத் தெரியும், அங்கிட்டு வை, தள்ளி நில்லு, சாயந்தரம் வா, போ. இதை அவளுக்குச் சொன்னது அந்தக் கவுன்சிலரம்மா ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும். என் சொந்தப் பாயில் விருந்தாளியாக உட்கார்ந்தேன், வெட்கத்தில் என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை. கோர்ட்டில் முப்பது வருஷம், சங்கத்தில் பன்னிரண்டு வருஷம் டைப் அடித்திருக்கிறேன், அவள் சொன்ன அந்த ஒரு சொல்லை ஒரு தடவைகூட அடித்ததில்லை.